எழுதி வைக்காத விதி: ஒரு சீட்டு விளையாட்டும் வெள்ளவத்தை லொட்ஜுகளும்

எலூசிஸ் என்று ஒரு சீட்டு விளையாட்டு இருக்கு. 1956இல் ரொபர்ட் அபொட் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. மூன்று வருஷம் கழித்து மார்ட்டின் கார்ட்னர் தன்னுடைய பத்திரிகைப் பத்தியில் எழுதின பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. சீட்டுப் பிரிக்கிறவர் ஒரு விதியை யோசித்து, தாளில் எழுதி மடித்து வைப்பார். உதாரணமா, 'சிவப்புக்குப் பிறகு கறுப்புத்தான் வரலாம்'. மற்றவர்கள் ஒவ்வொரு சீட்டாகப் போட வேண்டும். அவர் சரி, பிழை என்று மட்டும் சொல்லுவார். அதை வைத்தே விதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்ம வீடுகளில் 304 விளையாடுறவங்களுக்கு இதில் பாதி பழக்கமானது. அங்கேயும் துரும்பு கவிழ்த்துத்தான் கிடக்கும், மற்றவர்கள் விழுகிற சீட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஆனா 304இல் ஒளிந்திருப்பது ஒரு சீட்டு. எலூசிஸில் ஒளிந்திருப்பது விளையாட்டே.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதே மாதிரி ஒன்றை லண்டனில் மாணவர்களுக்குக் கொடுத்தார். 2, 4, 6 என்ற மூன்று இலக்கங்களும் என்னுடைய விதிக்குப் பொருந்தும், நீங்கள் வேறு மும்மூன்று இலக்கங்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்றார்கள், 20, 22, 24 என்றார்கள். எல்லாத்துக்கும் 'பொருந்தும்' என்றே பதில். உடனே 'இரண்டிரண்டாகக் கூடுது' என்று முடிவு கட்டினார்கள். அது பிழை. விதி, இலக்கங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 29 பேரில் 6 பேர்தான் பிழையான விடை எதுவும் சொல்லாமல் நேரே சரியான விடைக்கு வந்தார்கள். மற்றவர்கள் தங்கள் ஊகத்துக்குப் பொருந்தாத ஒன்றை, 6, 4, 2 மாதிரி ஒன்றை, வேண்டுமென்றே போட்டுப் பார்க்கத் தவறினார்கள்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனிதர் எவ்வளவு அவசரக்காரர் என்று சிரிப்பார்கள். கொழும்புத் தமிழருடைய அண்மைய வரலாற்றோடு சேர்த்து வாசித்தால் சிரிப்பு வராது. பிழையான இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்பதே ஒரு வசதி. அந்த மாணவர்களுக்குப் பிழைக்குத் தண்டனை இல்லை.

1983 ஜூலையில் கலவரக்காரர் தெருவில் ஆட்களை நிறுத்தி, வாளியைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டார்கள். சிங்களத்தில் அது 'பால்திய'. முதலெழுத்தைச் சிங்களவர் மாதிரி அழுத்திச் சொல்ல வராதவர் தமிழர். (அந்தச் சொல்லே போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது, சிங்களத்துக்கும் இரவல்தான்.) இங்கே விதி இரகசியமில்லை, எல்லாருக்கும் தெரியும். ஊகிக்க வேண்டியிருந்தது ஆளைத்தான். வாக்காளர் இடாப்போடு வந்தவர்களுக்கு அந்த ஊகமும் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளில் சோதனைச்சாவடி வந்தபோது விளையாட்டு மாறியது. அடையாள அட்டையை நீட்டினால் சிலரை விடுவார்கள், சிலரை ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். அட்டை இலக்கத்தில் ஒரு ஒழுங்கு இருக்கு: பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டு. 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 85561 என்று தொடங்கும். (பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் கணக்கு. வேணுமெண்டா வீட்டில இருக்கிற பழைய அட்டையை எடுத்துப் பாருங்க.) ஆனா சாவடியில் நின்றவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. வடக்கு கிழக்கில் வழங்கிய அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது, மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். தமிழில் எழுதிக் கொடுத்த உரிமையே அடையாளமாகிப் போனது.

அதுக்கு மேலே என்ன விதி? ஆளுக்கொரு ஊகம். பொட்டை அழிச்சிட்டுப் போனா விடுவாங்க. பொலிஸ் பதிவுத் துண்டைக் கையிலேயே வெச்சிருக்கணும். பிறந்த இடம் யாழ்ப்பாணமெண்டா கஷ்டம். பொட்டில்லாமல் போய்த் தப்பியவர் அடுத்த முறை பொட்டோடு போய்ச் சோதிக்கப் போவாரா? 6, 4, 2 போட்டுப் பார்க்க யாருக்கும் துணிவில்லை, இருக்கவும் நியாயமில்லை. அதனால் எந்த ஊகமும் சாகவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு நகரத்தின் பழக்கமாகிவிட்டது.

2007 ஜூன் 7 இந்த விளையாட்டின் உச்சம். முந்தைய வருஷம் ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள் நாள் கணக்கில், மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். மே கடைசியில் கொழும்பிலும் புறநகரிலும் குண்டுகள் வெடித்திருந்தன. அந்த வியாழக்கிழமை விடிய முன் பொலிஸ் லொட்ஜுகளுக்குள் வந்தது. 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியது. சொல்லப்பட்ட விதி: 'சரியான காரணமில்லாமல்' கொழும்பில் தங்கியிருப்பவர்கள்.

எது சரியான காரணம்? விசாவுக்குக் காத்திருப்பது ஒரு காரணமா? எத்தனை நாள் வரைக்கும்? எழுதி மடித்து வைத்த தாள் எங்கேயும் இல்லை. எலூசிஸில் விளையாட்டு நடுவில் விதியை மாற்றினால் அது கள்ள ஆட்டம், அதுக்காகத்தான் முதலே எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழரைக் கொழும்பிலிருந்து வெளியேற்றவோ, கொழும்புக்குள் வந்து தங்குவதைத் தடுக்கவோ கூடாது. நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் எழுதியே இருக்கு. பகிரங்கமாக அச்சடித்த விதி அதுதான். சில நாளில் பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

அனுப்பப்பட்டவர்களில் பலரை பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுவந்து லொட்ஜுகளில் விட்டார்கள். காலி வீதியில் சாவடிகள் அப்படியே இருந்தன. எங்க இருந்து வந்தது, எதுக்கு வந்தது, எப்ப திரும்பிப் போறது என்ற கேள்விகளும் அப்படியே.