பனி நிலத்தில் ஒரு பொதுமன்றம்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உணவு, விலங்கு, பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என வகுத்தது தமிழ் இலக்கண மரபு. அம்மரபு பனியைப் பொழுதாகவே கண்டது; பனியே நிலமாக விளங்கும் வடகோடி அதன் பார்வைக்கு எட்டாத ஒன்று. ஆயினும், நிலமும் உணவும் தொழிலும் பிரிக்க இயலாதவாறு பிணைந்தவை என்னும் அதன் அடிப்படை உண்மை ஆர்க்டிக் பகுதிக்கும் முற்றிலும் பொருந்துவதாகும். அவ்வுண்மையை ஏற்று நாடுகள் கூடிச் செயற்பட நெடுங்காலம் ஆயிற்று. அந்த முயற்சியின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககால ஒப்பந்தங்கள்

1911இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய நான்கும் வட பசிபிக் கடலில் உரோமக் கடல்நாய்களைத் திறந்த கடலில் வேட்டையாடுவதில்லை என உடன்பட்டன. 1920இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை நார்வேயின் ஆட்சிக்கு உட்படுத்தியதோடு, போர் நோக்கங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. பனிப்போர் நிலவிய 1973ஆம் ஆண்டிலும், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, டென்மார்க், நார்வே ஆகியவற்றுடன் சேர்ந்து பனிக்கரடியைக் காக்க ஒஸ்லோவில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும், அம்மண்ணின் மக்களுக்கு வேட்டையில் சில விலக்குகள் தரப்பட்டனவேயன்றி, ஒப்பந்தத் தரப்பினர் என்னும் தகுதி தரப்படவில்லை. இதன் விளைவு பின்னாளில் வெளிப்பட்டது. 1983இல் ஐரோப்பியச் சமூகம் கடல்நாய்க் குட்டிகளின் தோலுக்குத் தடை விதித்தது. இனுயிட் மக்களின் வேட்டை அத்தடைக்கு உட்பட்டதன்று; ஆயினும் தோல் சந்தையே சரிந்தமையால் அவர்தம் வருவாயும் அழிந்தது. வாழ்வோரைக் கேளாது இயற்கையைக் காக்க முற்படுவது அவர்களையே வறியராக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மன்றத்தின் தோற்றம்

1977இல் அலாஸ்காவின் பாரோ நகரில், ஈபன் ஹாப்சன் என்னும் இனுயிட் தலைவரின் அழைப்பை ஏற்று, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து ஆகிய நிலங்களின் இனுயிட் மக்கள் கூடித் தம் பேரவையைத் தோற்றுவித்தனர். அரசுகள் கூடுவதற்கு முன்பே மக்கள் கூடினர் என்பது கருதத்தக்கது.

அரசுகளின் பாதையைத் திறந்தவர் மிகயீல் கோர்பசேவ். 1987 அக்டோபர் முதல் நாள் மூர்மான்ஸ்க் நகரில் ஆற்றிய உரையில், வடபுலம் அமைதி மண்டலமாக வேண்டும் என்றும், அறிவியலிலும் சூழல் காப்பிலும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அவர் அழைப்பு விடுத்தார். பின்லாந்து எடுத்த முயற்சியால் 1991 ஜூன் திங்களில் ரோவானியெமி நகரில் எட்டு நாடுகள் ஆர்க்டிக் சூழல் காப்புத் திட்டத்தை ஏற்றன. 1996 செப்டம்பர் 19ஆம் நாள் ஒட்டாவாவில் ஆர்க்டிக் மன்றம் பிறந்தது. அதனை உருவாக்கிய பேச்சுகளில் முன்னின்றவர் மேரி சைமன் என்னும் இனுயிட் பெண்மணி. இவரே 2021இல் கனடாவின் ஆளுநர் நாயகமாகப் பொறுப்பேற்றார்.

சூழல் காப்போடு நீடித்த வளர்ச்சியையும் மன்றம் தன் கடமையாக ஏற்றது. பழங்குடி அமைப்புகள் நிலையான பங்கேற்பாளர்களாக அமர்த்தப்பட்டன; தொடக்கத்தில் மூன்றாக இருந்த அவை பின்னர் ஆறாயின. முடிவெடுக்கும் உரிமை எட்டு அரசுகளுடையதே. ஆயினும் பழங்குடியினரை முழுமையாகக் கலந்தாலோசித்தே முடிவெடுக்க வேண்டும் என்பது விதி.

தாய்ப்பாலில் கலந்த நஞ்சு

அவ்விருக்கையின் பயனை ஒரு நிகழ்ச்சி தெளிவுபடுத்தும். 1980களின் பிற்பகுதியில் கியூபெக் மாநிலத்தில் தாய்ப்பாலில் கலந்துள்ள வேதிப்பொருட்களை எரிக் டெவாயி என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். ஆலைகளே இல்லாத வடக்கு நுனாவிக் பகுதித் தாய்மாரின் பால் தூயதாக இருக்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், தென்பகுதித் தாய்மாரினும் பன்மடங்கு மிகுதியாகப் பி.சி.பி. என்னும் நஞ்சு அதில் காணப்பட்டது.

காரணம் வியப்புக்குரியது. வெப்ப நாடுகளில் ஆவியாகும் இத்தகைய வேதிப்பொருட்கள் காற்றில் மிதந்து சென்று குளிர் நிலத்தில் படிகின்றன. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கடல்நாய்க்கும் செல்லுந்தோறும் கொழுப்பில் சேர்ந்து பெருகி, இறுதியில் அதனை உண்ணும் மனிதரை அடைகின்றன. எங்கோ தெளித்த பூச்சிக்கொல்லியும் எவரோ பயன்படுத்திய மின்மாற்றி எண்ணெயும் பனி நிலத்துக் குழந்தையின் வாயில் வந்து சேர்ந்தன. பால் கொடுப்பதை நிறுத்தவேண்டா என்றே மருத்துவர்கள் அறிவுறுத்தினர். எனினும் அத்தாய்மார் உற்ற கலக்கம் சொல்லில் அடங்குவதன்று.

ஆர்க்டிக் கண்காணிப்புத் திட்டத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கை இந்நஞ்சுகளின் பரவலை விரிவாக மெய்ப்பித்தது. 1999இல் நைரோபியில் நடைபெற்ற உலகப் பேச்சுவார்த்தையின்போது, இனுயிட் பேராளர் ஷீலா வாட்-குளூட்டியே தாயும் சேயுமாகச் செதுக்கிய சிற்பம் ஒன்றை ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பின் தலைவர் கிளவுஸ் டோப்ஃபரிடம் அளித்தார். 2001 மே திங்களில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முதற்கட்டமாகப் பன்னிரண்டு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்திய அவ்வுடன்படிக்கையின் முகப்புரையிலேயே ஆர்க்டிக் மக்களுக்கு நேரும் இடர் குறிக்கப்பட்டுள்ளது. மலேரியாக் கொசுவை ஒழிக்க டி.டி.டி.யைப் பயன்படுத்த வெப்ப நாடுகளுக்கு விலக்கும் தரப்பட்டது. ஒரு தாயின் துயரைக் களைய மற்றொரு தாயின் பிள்ளையைக் காய்ச்சலுக்கு இரையாக்கலாகாது என்னும் நடுவுநிலை இதில் புலப்படுகிறது. பழைய நஞ்சுகள் பலவற்றின் அளவு அதன்பின் வடக்கே குறைந்துள்ளது; புதியன சில தோன்றியும் உள்ளன.

இந்தியாவின் பங்கு

இந்நிலம் இந்தியாவுக்கு முற்றிலும் அயலானதன்று. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக 1920ஆம் ஆண்டு ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இடம்பெற்றது. 2006இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை ஏற்றது; 2008இல் ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தை நிறுவியது; 2013இல் ஆர்க்டிக் மன்றத்தின் பார்வையாளர் நாடாயிற்று. 2014இல் அங்குள்ள கடற்கழி ஒன்றின் அடியில் நிறுத்தப்பட்ட இண்டார்க் என்னும் ஆய்வுக் கருவித் தொகுதி, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்ததாகும்.

முடிவுரை

மன்றத்தின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அது ஒப்பந்தத்தால் கட்டப்பட்ட அமைப்பன்று. படைத்துறைப் பாதுகாப்பு அதன் எல்லைக்குப் புறம்பானது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், 2022 மார்ச் திங்களில் ஏனைய ஏழு நாடுகளும் மன்றப் பணிகளிலிருந்து தற்காலிகமாக விலகின. நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் சாமி மக்களுக்கு அப்பிளவு சொந்த வீட்டின் நடுவே எழுந்த சுவராயிற்று. 2023இல் நார்வே தலைமையேற்றபின் பணிகள் சிறிது சிறிதாக மீண்டன. 2025இல் தலைமை டென்மார்க்குக்கு மாறியது.

காற்றும் கடலும் எல்லைக்கோடு அறியா. பகை மூண்ட காலத்திலும் பனி உருகுவதை அளந்தாக வேண்டும். பாலில் கலந்த நஞ்சைக் கண்டாக வேண்டும். அப்பணியில் அம்மண்ணின் மக்களுக்கு உரிய இருக்கையைத் தந்ததே ஆர்க்டிக் மன்றத்தின் தலையாய சாதனை. அவ்விருக்கையை வெறுமையாகாது காப்பதே அதன் எதிர்காலக் கடமை எனின் மிகையன்று.