கணைய அழற்சி: ஒருமுறை வந்தது மறுபடியும் வராமலிருக்க என்ன செய்யணும்?

``வலி போயிடுச்சு, டிஸ்சார்ஜும் ஆகியாச்சு. இனி பிரியாணி சாப்பிடலாமா?'' திடீர் கணைய அழற்சியிலிருந்து மீண்ட பலருக்கும் இப்படித்தான் கேட்கத் தோணும். ஆனால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ``எனக்கு இது ஏன் வந்தது?''

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், செரிமான நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கிறது. சிறுகுடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய நொதிகள், கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கினால் அந்த உறுப்பே புண்ணாகிவிடும். இது திரும்பத் திரும்ப நடந்தால் நிரந்தர பாதிப்பு, சர்க்கரைநோய் வரை போகலாம். அதனால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் உண்மையான தடுப்பு.

பித்தப்பைக் கல்லா?

வலி இல்லையே என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. பாதிப்பு லேசானது என்றால், அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது. 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சில வாரங்கள் தள்ளி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 17 சதவிகிதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் கல் தொடர்பான சிக்கல்கள் வந்தன. உடனே செய்துகொண்டவர்களில் அது 5 சதவிகிதம்தான். பாதிப்பு தீவிரமாக இருந்திருந்தால், எப்போது செய்வது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

மதுவா?

``பீர் மட்டும்தானே... வீக்எண்டில் மட்டும்தானே'' என்ற சமாதானம் எல்லாம் கணையத்திடம் செல்லாது. முழுசா நிறுத்தணும். தினமும் குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால், டாக்டர் உதவியோடு நிறுத்துவது பாதுகாப்பு. சிகரெட்டும் கணையத்துக்கு எதிரிதான். அதையும் சேர்த்து விட்டுடுங்க.

ட்ரைகிளிசரைடா?

ரத்தத்தில் இந்தக் கொழுப்பு 150 மி.கி-க்குள் இருப்பது நார்மல். 1,000-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து அதிகம். 500-க்குக் கீழேயாவது வைத்திருக்கணும். `இப்போ நல்லாயிட்டேன்' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைநோய் இருந்தால் அதுவும் கட்டுப்பாட்டில் இருக்கணும்.

காரணமே தெரியவில்லையா?

ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருப்பது, சில மருந்துகள், சாதாரண ஸ்கேனில் தெரியாத குட்டிக் கற்கள் என வேறு காரணங்களும் உண்டு. எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு தேவையா என்று கேளுங்கள்.

தட்டில் என்ன?

எண்ணெயில் பொரித்தவை, கொழுப்பான இறைச்சி, சர்க்கரை பானங்களைக் குறைங்க. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்க. கணைய நொதி மாத்திரை தேவைப்படலாம். சர்க்கரை அளவையும் அவ்வப்போது பரிசோதிக்கணும்.

உடனே கிளம்புங்க!

மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் கடும் வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல்... இதில் எது வந்தாலும் `கேஸ்தான்' என்று மாத்திரை போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்காதீங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு நேராக எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. அதை இப்போதே போனில் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா, அந்த நேரத்தில் தேட வேண்டியிருக்காது!