ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் என்பது நிறுவனங்களின் சர்வர்களுக்கென உருவாக்கப்பட்ட திறமூல இயங்குதளம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ராலேயைத் தலைமையிடமாகக் கொண்ட ரெட் ஹாட் நிறுவனம் இதை 2002 முதல் வெளியிட்டு வருகிறது.

ஆதரவு முறை: கட்டணம் மென்பொருள் உரிமத்துக்கு அல்ல, சந்தாவுக்கே. சந்தாதாரர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் பொறியாளர் உதவியும் கிடைக்கும். ‘ஸ்டாண்டர்டு’ சந்தாவில் உதவி வேலை நேரத்தில் மட்டுமே. ‘பிரீமியம்’ சந்தாவில் கடுமையான பழுதுகளுக்கு 24 மணி நேரமும் உண்டு. முதன்மைப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 10 ஆண்டுகள் ஆதரவு தொடரும். புதிய பதிப்புகளில் வரும் திருத்தங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் சேர்ப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் குலைவதில்லை.

கட்டணமற்ற மாற்றுகள்: இதன் மூலநிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ் 2004 முதல் இலவசமாகக் கிடைத்தது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 இறுதியில் நின்றது. அந்த இடத்தை நிரப்ப ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் தோன்றின.

உரிமையாளர்: 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹாட்டை வாங்கியது. ஆதரவுச் சந்தையில் சூசே, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் ஆகியவை இதன் முக்கியப் போட்டியாளர்கள்.