பச்சைச் சுடர் காட்டிய கசிவு

1940ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் காரில் ஏசி பொருத்தித் தந்தபோது கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது; குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பிற்காலக் கார்களில் குளிர் குறைந்தால் மெக்கானிக் முதலில் பார்த்தது கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் மேலிருந்த சிறு கண்ணாடியை. உள்ளே நுரை ஓடினால் பெரும்பாலும் கேஸ் குறைவு. கசியும் இடத்தைக் காட்டியது ஹாலைடு விளக்கு. அதன் உறிஞ்சுகுழலைக் குழாய் மூட்டருகே கொண்டுபோனால், கசியும் ஆர்-12 என்ற அக்காலக் குளிரூட்டும் வாயுவின் குளோரின் விளக்கிலுள்ள சூடான செம்பில் பட்டுச் சுடர் பச்சையாகும். எளிய முறைதான், ஆனால் அதே சுடரில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் பிறக்கும். ஆர்-12 போன்ற வாயுக்களிடமிருந்து ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1990களில் ஆர்-12 இடத்தில் குளோரின் இல்லாத ஆர்-134ஏ நுழைந்ததும் பச்சைச் சுடருக்கு வேலையில்லாமல் போயிற்று. மின்னணுக் கருவியும் புற ஊதா ஒளியில் மிளிரும் சாயமும் அந்த இடத்தைப் பிடித்தன.