'சென்ட்' வெற்றி என்றால் தரவு போய்ச் சேர்ந்துவிட்டதா? நெட்வொர்க் புரோகிராம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியவை

அறை நண்பருக்கு வாடகைப் பங்கை யூபிஐ-யில் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. அவரோ, "எனக்கு இன்னும் வரலையே" என்கிறார். 'அனுப்பியாச்சு' என்பதும் 'வந்து சேர்ந்தாச்சு' என்பதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் உறைக்கும்.

நீங்கள் எழுதும் புரோகிராமிலும் இதே கதைதான். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் நெட்வொர்க் வழியாகத் தரவை அனுப்பப் பயன்படும் 'சென்ட்' என்ற அழைப்பு வெற்றி என்று சொன்னாலும், மறுமுனைக்கு ஒரு பைட் கூட போகாமல் இருக்கலாம். அது எப்படி?

'சென்ட்' உண்மையில் என்ன செய்கிறது?

1983-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் சாக்கெட் முறை அறிமுகமானது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக் என எல்லாவற்றிலும் இன்றும் அதே முறைதான்.

'சென்ட்'டை அழைத்ததும், உங்கள் புரோகிராமின் நினைவகத்தில் உள்ள தரவைக் கெர்னல் தன்னிடம் உள்ள அனுப்பும் பஃபருக்கு நகலெடுத்துக்கொள்கிறது. எத்தனை பைட் எடுத்துக்கொண்டது என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்புவது, தொலைந்ததை மறுபடி அனுப்புவது எல்லாம் டிசிபி-யின் வேலை.

கூரியர் கடையில் பார்சலைக் கொடுத்து ரசீது வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கடைக்கு வந்தது என்பதற்குத்தான் அந்த ரசீது அத்தாட்சி. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அல்ல.

கொடுத்த தரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளுமா?

எப்போதும் அல்ல. 1,00,000 பைட் கொடுத்தால், 'சென்ட்' 40,000 என்று திருப்பித் தரலாம். மீதி 60,000 பைட்டை அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. காத்திருக்காத, அதாவது நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் பஃபர் நிரம்பினால் இப்படி நடக்கும். காத்திருக்கும் சாக்கெட்டிலும் நடுவில் ஒரு சிக்னல் வந்து குறுக்கிட்டால் நடக்கலாம்.

எனவே 'சென்ட்'டை ஒரு லூப்புக்குள் வையுங்கள். திரும்பி வந்த எண்ணைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். -1 வந்தால் உடனே பதற வேண்டாம். எர்நோவில் 'இஇன்டர்' இருந்தால் மறுபடி அழைக்கலாம். 'இஅகெய்ன்' என்றால் பஃபர் நிரம்பியிருக்கிறது, 'போல்' மூலம் இடம் கிடைக்கும்வரை காத்திருங்கள். மற்ற பிழைகளில் பெரும்பாலும் இணைப்பு போச்சு என்றே அர்த்தம்.

உங்கள் லேப்டாப்பில் சிறிய தரவை வைத்துச் சோதிக்கும்போது இந்தச் சிக்கல் தலைகாட்டாது. நெரிசலான நெட்வொர்க்கில், பெரிய தரவோடு, நள்ளிரவில்தான் வரும்.

மறுமுனை மூடிவிட்டால் என்ன ஆகும்?

மறுமுனை இணைப்பை மூடிய பிறகு நீங்கள் செய்யும் முதல் 'சென்ட்' வெற்றி பெறவும் கூடும். ஏனென்றால் அந்தச் செய்தி இன்னும் உங்கள் கெர்னலுக்குத் தெளிவாகத் தெரியாது. அடுத்த முறை அனுப்பும்போது 'சிக்பைப்' என்ற சிக்னல் வரலாம். அதை நீங்கள் கையாளவில்லை என்றால் உங்கள் புரோகிராமே சத்தமில்லாமல் நின்றுவிடும். ஒரு பயனர் செயலியை மூடியதற்காக மொத்த சர்வரும் விழ வேண்டுமா? லினக்ஸில் 'எம்எஸ்ஜி_நோசிக்னல்' என்ற கொடியைச் சேர்த்தால், சிக்னலுக்குப் பதில் சாதாரணப் பிழையாக வந்துவிடும்.

டிசிபி-யின் ஒப்புகை போதாதா?

போதாது. டிசிபி ஒப்புகை, மறுமுனைக் கணினியின் கெர்னலுக்குத் தரவு வந்ததை மட்டுமே சொல்கிறது. அங்குள்ள புரோகிராம் அதைப் படித்ததா, டேட்டாபேஸில் எழுதியதா என்று சொல்லாது.

ஒப்புகையே வரவில்லை என்றால் இன்னும் சிக்கல். லினக்ஸ் இயல்பாக 15 முறை வரை மறுபடி அனுப்பிப் பார்க்கும். இணைப்பைக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் புரோகிராம் எல்லாம் சரியாகப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

'வேலை முடிந்தது' என்ற பதிலை மறுமுனைப் புரோகிராமே அனுப்ப வேண்டும். அந்தப் பதிலுக்கு ஒரு கால வரம்பை நீங்கள் வையுங்கள்.

வரம்பு தாண்டியது என்றால் தோல்வி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்படியே மறுபடி அனுப்பினால் ஒரே பணம் இரண்டு முறை போய்விடும். எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுங்கள். அதே எண் மறுபடி வந்தால், வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே சர்வர் தரட்டும்.

பணப் பரிமாற்றத்தில் இந்த இடைவெளிக்கு விதியே இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூபிஐ-யில் அனுப்பியவர் கணக்கில் கழிந்த பணம் பெறுபவர் கணக்கில் சேரவில்லை என்றால், பரிவர்த்தனைக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. நடுவில் ஏதாவது தொலையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிய விதி அது.

உங்கள் புரோகிராமுக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதித் தரமாட்டார்கள். அடுத்த முறை 'சென்ட்' எழுதும்போது, "பதில் வரவில்லை என்றால் என்ன?" என்ற கேள்விக்கான வரியையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.