பகிஷ்கரிப்பு: வெளியே நிற்பவர் யார்?

நமது பத்திரிகைத் தலைப்புகளில் 'பணிப்பகிஷ்கரிப்பு' அடிக்கடி வரும் சொல். தமிழ்நாட்டிலே அதனை வேலைநிறுத்தம் என்பர். இந்தப் பகிஷ்கரிப்பு வடமொழிச் சொல். ஆனால் இன்று அது சுமக்கும் பொருள் 'பொய்கொட்' என்ற ஆங்கில வினையினுடையது. அந்த வினையோ ஒரு மனிதரின் பெயர்.

அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ண் பிரபுவின் காணிகளை மேற்பார்த்தவர் கப்டன் சாள்ஸ் பொய்கொட். 1880இல் குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கும்படி கேட்டார்கள். அவர் வெளியேற்றும் கட்டளைகளை அனுப்பினார். ஊர் அவரை விட்டு விலகிற்று. கொல்லன் வரவில்லை, சலவைக்காரி துணி எடுக்கவில்லை, தபால் கொண்டுவரும் பையனும் நின்றுவிட்டான். அவரது விளைச்சலை அறுக்க வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவல், படையும் பொலிஸுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர்! ஓமாலி என்ற பாதிரியார், படித்தவர் சொல் குடியானவருக்கு விளங்காதென்று கப்டனின் பெயரையே வினையாக்கியதாகப் பத்திரிகையாளர் ரெட்பாத் எழுதிவைத்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே இலண்டன் பத்திரிகைகளும் அதை எடுத்தாண்டன.

செயல் நமக்குப் புதிதன்று. ஊர் ஒருவரைத் தள்ளிவைத்தால் கட்டாடி துணி எடுக்கமாட்டார், நாவிதர் படலையைத் திறக்கமாட்டார். ஆனால் நம் ஊர்விலக்கு வலியவர் கையிலிருந்த தடி. 'பகிஷ்கார' என்றால் வெளியே தள்ளுதல். அம்பேத்கர் 1927இல் தொடங்கிய 'பகிஷ்கிருத் பாரத்' இதழின் பெயர், தள்ளப்பட்டவர்களின் பாரதம் என்றே பொருள்படும். மேயோவில் எளியவர் அந்தத் தடியைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தனர்.

1931இல் யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரஸ் எடுத்ததும் இதே ஆயுதம். டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை. ஆகவே அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்றார்கள். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவர்கூட நியமனப்பத்திரம் கொடுக்கவில்லை. மட்டக்களப்பில் தேர்தல் நடந்தது.

அந்த இளைஞர்களின் நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன். சாதி வேற்றுமையை எதிர்த்தவர்களும் அவர்களே. எனினும் மேயோவில் வெளியே நின்றவர் கப்டன், இங்கே யார்? பெண்களுக்கும் ஏழைகளுக்கும் முதன்முதல் வாக்குரிமை கிடைத்த தேர்தல் அது. சபை கூடிற்று, அமைச்சர்கள் தெரிவாயினர். அந்த நான்கு ஆசனங்களும், 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை, வெறுமையாகவே கிடந்தன.