விலகியவர்களின் சாட்சியம்

ஒருவர் தம் வேலையை விட்டு விலகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஊதியம் போதாமை, மேலதிகாரியின் கடுமை, உடல்நலக் குறைவு ஆகியவை நாம் அன்றாடம் கேட்பவை. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபேஸ்புக் நிறுவனத்திலிருந்து சில மென்பொருள் பொறியாளர்கள் விலகியபோது, அவர்களுக்கு இவற்றுள் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. உலகின் மிக உயர்ந்த ஊதியங்களுள் ஒன்றை அவர்கள் துறந்ததற்கு மனசாட்சியே காரணம். அந்த விலகல்களின் வேர் ரோஹிங்யா முஸ்லிம்களின் துயரம் வரை நீள்கிறது. அதன் கிளையொன்று இந்திய முஸ்லிம்களையும் தொடுகிறது. ஆகவே அவ்வரலாறு நாமும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

சமூக ஊடகத்தில் இடப்படும் பதிவுகளைப் பார்வையிட்டு, வன்முறையைத் தூண்டுபவற்றையும் வெறுப்பை விதைப்பவற்றையும் நீக்கும் பணிக்கு மட்டறுத்தல் என்று பெயர். அதற்கான விதிகளைத் தலைமையகம் வகுக்கிறது. விதிகளின்படி கோடிக்கணக்கான பதிவுகளைச் சலிக்கும் மென்பொருளைப் பொறியாளர்கள் உருவாக்குகின்றனர். எஞ்சியவற்றை ஒப்பந்த ஊழியர்கள் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கின்றனர். இம்மூன்றில் எங்கு பழுது நேர்ந்தாலும் அதன் விளைவை எங்கோ ஒரு தெருவில் வாழும் எளிய மக்களே சுமக்க நேரிடும்.

மியான்மரில் நிகழ்ந்தது அதுவே. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான் என்ற நிலை இருந்தது. 2014 ஜூலையில் மாண்டலே நகரில் முஸ்லிம் கடைக்காரர் மீது சுமத்தப்பட்ட பொய்யான பாலியல் குற்றச்சாட்டு ஃபேஸ்புக் வழியே பரவியது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். ஆர்வலர்கள் பலமுறை எச்சரித்தும், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பர்மிய மொழியறிந்து பதிவுகளைச் சரிபார்த்தவர்கள் இருவர் மட்டுமே என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னர் வெளிப்படுத்தியது. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு அகதிகளாக வெளியேறினர். வெறுப்புப் பரவலில் சமூக ஊடகத்துக்குத் தீர்மானகரமான பங்கு இருந்ததாக ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவின் தலைவர் மர்சூகி தாருஸ்மான் 2018 மார்ச்சில் கூறினார். இராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் பக்கத்தை நிறுவனம் நீக்கியபோது 2018 ஆகஸ்டு ஆகியிருந்தது. தாங்கள் போதுமான அளவு செயல்படவில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் அது ஒப்புக்கொண்டது.

இந்த ஒப்புதலுக்குப் பின்னரேனும் விதி அனைவருக்கும் ஒன்றுபோல் அமையும் என்று ஊழியர் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை 2020இல் சோதனைக்கு உள்ளானது. மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். நாடெங்கும் போராட்டங்கள் எழுந்தன. கொள்ளை தொடங்கினால் துப்பாக்கிச் சூடும் தொடங்கும் என்ற பொருள்பட அதிபர் டிரம்ப் பதிவிட்டார். ட்விட்டர் அப்பதிவை ஓர் எச்சரிக்கைக் குறிப்பின் பின்னால் மறைத்தது. ஃபேஸ்புக் அதைத் தொடவில்லை. அது அரசின் நடவடிக்கை பற்றிய எச்சரிக்கை என்றே தாம் புரிந்துகொள்வதாக மார்க் ஸக்கர்பெர்க் விளக்கமளித்தார். ஜூன் 1 அன்று நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பணியைப் புறக்கணித்தனர். பொய்த் தகவல்களைத் தடுக்கும் குழுவில் பணியாற்றிய திமோதி அவேனி பதவி விலகுவதாக வெளிப்படையாக அறிவித்தார். வன்முறையைத் தூண்டுபவர் அரசியல்வாதியே ஆயினும் நீக்குவோம் என்று தலைமை முன்பு கூறியிருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லைக்கோடு நகர்த்தப்படுகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

அவ்வாண்டு ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இந்தியா குறித்து ஒரு செய்தியை வெளியிட்டது. ரோஹிங்யா முஸ்லிம்களைச் சுட வேண்டும் என்று பேசிய தெலங்கானா பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் ராஜா சிங் மீது வெறுப்புப் பேச்சு விதியைப் பயன்படுத்துவதை நிறுவனத்தின் இந்தியக் கொள்கைத் தலைமையே எதிர்த்தது என்பது அச்செய்தி. நிறுவனம் அரசியல் சார்புக் குற்றச்சாட்டை மறுத்தது. எனினும் செப்டம்பர் 3 அன்று அவரைத் தடைசெய்தது. விதி முன்பே இருந்தது. அதைச் செயல்படுத்த ஒரு பத்திரிகைச் செய்தி தேவைப்பட்டது.

ஐந்து நாட்களுக்குப் பின் அசோக் சாந்த்வானி என்ற பொறியாளர் விலகினார். ஐந்தாண்டுகளுக்கும் மேல் அங்குப் பணியாற்றியவர் அவர். வெறுப்பினால் இலாபம் ஈட்டும் ஓர் அமைப்புக்கு இனியும் உழைக்க இயலாது என்பது அவருடைய கடிதத்தின் சாரம். மியான்மர் இனப்படுகொலையையும் கெனோஷா நகர நிகழ்வையும் அவர் சான்றாகக் காட்டினார். கெனோஷாவில் ஆயுதமேந்த அழைத்த பக்கம் குறித்து 400க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தும், இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அது நீக்கப்பட்டது. வெறுப்பினால் தங்களுக்கு இலாபம் இல்லை என்றது நிறுவனம். அதே மாதம் தரவு ஆய்வாளர் சோஃபி ஜாங் பணிநீக்கம் செய்யப்பட்டார். பல நாட்டு ஆட்சியாளர்கள் போலிக் கணக்குகளால் மக்களை ஏமாற்றுவதைக் கண்டறிந்தவர் அவர். நிறுவனத்தைக் குறைகூறக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த 64,000 டாலரை அவர் ஏற்க மறுத்தார்.

இவர்களுள் எவரும் மட்டறுத்தல் கூடாது என்று வாதிடவில்லை. எளியவனுக்குப் பொருந்தும் விதி வலியவனிடம் வளைகிறது என்பதே அவர்களின் முறையீடு. நீதி வழங்கும் இடத்தில் அமர்பவர் அதிகாரத்துக்கு வளையலாகாது என்ற கவலை நம் முன்னோருக்குப் புதிதன்று. கலீஃபா மன்ஸூர் நீதிபதிப் பதவியை அளித்தபோது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதை ஏற்க மறுத்தார்கள். அதற்காகச் சிறையும் சென்றார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 150இல் பாக்தாதில் அவர்கள் மறைந்தார்கள். ஆயினும் அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்), ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதிப் பொறுப்பை ஏற்றார்கள். இருவரையும் நம் சமுதாயம் இமாம்களாகவே மதிக்கிறது. உள்ளிருந்து திருத்த முயல்வதற்கும் வெளியேறிச் சாட்சி சொல்வதற்கும் முன்னுதாரணம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் பட்டு வணிகம் செய்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அரசின் ஊதியம் இன்றியே வாழும் வழி அவர்களுக்கு இருந்தது. ஃபேஸ்புக்கின் பொறியாளர்களுக்கும் வேறு நிறுவனங்களின் கதவுகள் திறந்திருந்தன. கொடூரக் காட்சிகளை நாள்தோறும் பார்த்த ஒப்பந்த ஊழியர்களின் நிலை வேறு. ஃபேஸ்புக் ஊழியர் ஒருவரின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 2,40,000 டாலராக இருந்தபோது, ஃபீனிக்ஸ் நகரில் மட்டறுத்தல் செய்தவருக்கு 28,800 டாலரே கிடைத்தது என 2019இல் செய்தி வெளியானது. அவர்களை வேலைக்கு அமர்த்தியிருந்தது, சென்னையில் தோன்றி வளர்ந்ததால் நம் வீடுகளில் நன்கு அறியப்பட்ட காக்னிசன்ட் நிறுவனம். அவ்வாண்டு அக்டோபரில் அது அப்பணியிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மனநலம் பாதிக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்த அமெரிக்க மட்டறுத்துநர்களுக்கு 5.2 கோடி டாலர் வழங்க ஃபேஸ்புக் 2020 மே மாதம் உடன்பட்டது.

விலகியவர்களால் என்ன பயன் விளைந்தது? 2021இல் வெளியேறிய பிரான்சஸ் ஹாகன் தம்முடன் எடுத்துவந்த ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். முஸ்லிம்களுக்கு எதிரான இந்தி, வங்காளப் பதிவுகளை இனங்காணும் மென்பொருள் போதாமையால் அவற்றுள் பெரும்பகுதி தடையின்றி உலவியதை அந்த உள்ஆவணங்களே கூறின. அவ்வாண்டு டிசம்பரில் ரோஹிங்யா அகதிகள் 15,000 கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். எனினும் நிறுவனம் மாறிவிட்டது என்று கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் வெளியார் மூலம் உண்மை சரிபார்க்கும் ஏற்பாட்டையே கைவிடுவதாக 2025 ஜனவரியில் அது அறிவித்தது. ஆயினும் நடந்தது என்ன என்பதை இன்று உலகம் அறிந்திருப்பது, உள்ளிருந்தவர்கள் சிலர் வாய் திறந்ததாலேயே ஆகும்.

நம் பிள்ளைகள் பலர் இத்துறையில் உள்ளனர். ஹலாலான வருமானம் எது என்ற கேள்வி அவர்களுக்கு வட்டியோடும் மதுவோடும் முடிந்துவிடுவதில்லை. தாம் எழுதும் மென்பொருள் யாருக்கு அநீதி இழைக்கிறது என்பதும் அதில் அடங்கும். எச்-1பி விசாவில் அமெரிக்கா சென்றவர் வேலையை விட்டால், 60 நாட்களுக்குள் புதிய வேலை தேட வேண்டும். அல்லது நாடு திரும்ப நேரிடும். அந்த நிலையில் ஊரில் வீட்டுக் கடனும் தங்கையின் திருமணச் செலவும் அவர் தோளில் இருக்குமானால், மனம் மறுத்தாலும் நா மறுக்காது. ஆடம்பரத்தைக் குறைத்து, கடனின்றி வாழப் பழகிய குடும்பமே தன் பிள்ளைக்கு மறுக்கும் துணிவை அளிக்கிறது. "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கும் நாம், "அங்கே உன் வேலை என்ன, அது உனக்குச் சரியெனப் படுகிறதா?" என்றும் கேட்போமாக. அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பிலும் உணவிலும் பரக்கத் செய்வானாக.